உஷார்! வெடிக்காத துப்பாக்கியை நம்பாதீர்கள்

விசையை இழுத்தாகிவிட்டது. சக்கிமுக்கிக் கல் எஃகில் உரசிப் பொறி பறக்கிறது. கிண்ணியில் தூவி வைத்த பொடி மருந்து புஸ்ஸென்று பற்றி, வெள்ளைப் புகை கண்ணுக்கு முன்னால் எழுகிறது. குழாயிலிருந்து மட்டும் சத்தம் இல்லை. மான் காதை நிமிர்த்திப் பார்த்துவிட்டு மரங்களுக்குள் மறைகிறது. துப்பாக்கியைப் பிடித்திருப்பவர் ஏமாற்றத்தோடு அதைத் தோளிலிருந்து இறக்குகிறார். என்ன ஆயிற்று என்று பார்க்க, குழாயின் வாயைத் தன் பக்கம் திருப்புகிறார். உள்ளே ஒரு மூலையில் கனன்றுகொண்டிருந்த மருந்து அப்போதுதான் முழுதாகப் பற்றுகிறது.

அமெரிக்காவில் வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய பாணித் துப்பாக்கிகளைக் கையாளுகிறவர்கள் இதை 'ஹேங்ஃபயர்' என்பார்கள். தாமதித்து வெடிப்பது. அடியோடு வெடிக்காமலே போனால் அது 'மிஸ்ஃபயர்'. துப்பாக்கியைப் பிடித்திருப்பவருக்கு முதல் சில நொடிகளில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். எது நடந்திருக்கிறது என்பது வெடித்த பிறகே தெரியும், இல்லையென்றால் நெடுநேரம் வெடிக்காமல் இருந்த பிறகு. பயம் அங்கேதான் இருக்கிறது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்தக் கோளாறுகளில் பல, காட்டில் தொடங்குவதில்லை. கடையில் தூள் டப்பாவை எடுத்துக் கூடையில் போடும்போதே தொடங்கிவிடுகின்றன. துப்பாக்கியின் பற்றவைப்பு முறைக்குப் பொருந்தாத தூளை வாங்கிவந்துவிட்டு, கல் சரியில்லை, பற்றவைக்கும் கேப் நமுத்துவிட்டது, குளிர் அதிகம் என்று மற்றதையெல்லாம் குறை சொல்கிறோம். தப்பான டப்பா பையிலேயே இருக்கிறது.

அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் இந்தத் துப்பாக்கிகளுக்கென்றே தனி மான்வேட்டைப் பருவம் உண்டு. பென்சில்வேனியாவில் 1974 முதல் சக்கிமுக்கித் துப்பாக்கிக்கு மட்டும் ஒரு பருவம் நடக்கிறது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கி ஜனவரிக்குள் நீளும் பனிக்காலப் பருவம் அது. கொலராடோவின் பருவத்தில் தூளாக அளந்து போடும் மருந்துதான் செல்லும், வில்லையாக அச்சிட்ட மருந்துக்கு அனுமதி இல்லை. ஒரு மாநிலத்தில் சரியாக இருப்பது அடுத்த மாநிலத்தில் அபராதம். அங்கே குடியேறி, உரிமம் எடுத்து, நண்பர்களோடு முதன்முதலாக வேட்டைக்குக் கிளம்புகிறவர்களில் நம்மவர்களும் உண்டு. அவர்களுக்காகவும், இரவல் துப்பாக்கியோடு கூடப் போகிறவர்களுக்காகவும்தான் இந்த எச்சரிக்கை.

கடைக்குப் போனால் என்ன கிடைக்கும் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அசல் கருமருந்து, அதாவது பொட்டாசியம் நைட்ரேட்டும் கரியும் கந்தகமும் சேர்ந்த பழைய மருந்து, அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி வெடிபொருள். அதை விற்கும் கடைக்காரர் தனி உரிமம் எடுக்க வேண்டும், விதிப்படி கட்டிய கிடங்கில் வைக்க வேண்டும். பழைய வகைத் துப்பாக்கியில் பொழுதுபோக்குக்காகச் சுடுகிறவர் 50 பவுண்டு வரை தன் உபயோகத்துக்கு வாங்க அந்தச் சட்டம் விலக்குத் தருகிறது. விற்கிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. ஊருக்கு ஊர் உள்ளூர்த் தீயணைப்பு விதிகள் வேறு இருக்கும். இவ்வளவு தொல்லை எதற்கு என்று பெரிய விளையாட்டுப் பொருள் கடைகள் பெரும்பாலும் மாற்றுத்தூள்களை மட்டும் அடுக்கி வைத்துக்கொள்கின்றன. பைரோடெக்ஸ், டிரிப்பிள் செவன், பிளாக்ஹார்ன் 209 என்று அலமாரியில் தெரிவதெல்லாம் அந்த ரகம். உங்கள் துப்பாக்கிக்கு இதுதான் உகந்தது என்று யாரும் ஆராய்ந்து அங்கே வைக்கவில்லை. வைத்து விற்க எளிது, அதனால் வைத்திருக்கிறார்கள்.

அசல் மருந்து கிடைப்பதிலும் அண்மைக் காலத்தில் ஒரு தடுமாற்றம் வந்தது. லூசியானாவின் மிண்டனில் இருந்த கோயெக்ஸ் ஆலைதான் அமெரிக்காவின் பெயர்பெற்ற கருமருந்து ஆலை. அதை நடத்திவந்த ஹாட்ஜ்டன் நிறுவனம் 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மாதிரி ராக்கெட்டுகளுக்குப் பேர்போன எஸ்டெஸ் குழுமம் 2022இல் அதை வாங்கித் தொடர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் கருமருந்து கிடைக்காமல் திண்டாடியவர்கள் கையில் அகப்பட்ட மாற்றுத்தூளைச் சக்கிமுக்கித் துப்பாக்கியில் போட்டுப் பார்த்தார்கள். 'கருமருந்துக்கு மாற்று' என்று லேபிளில் போட்டிருக்கிறதே என்ற நம்பிக்கைதான். அந்த வரியை நம்பாதீர்கள். எல்லாத் துப்பாக்கியிலும் கருமருந்துக்குப் பதிலாகப் போடலாம் என்று அந்த வரி உறுதி சொல்லவில்லை.

வேறுபாடு எங்கே என்றால், பற்றும் சுபாவத்தில். கருமருந்து கற்பூரம் மாதிரி, ஒரு பொறி பட்டால் போதும். மாற்றுத்தூள் அடுப்புக்கரி மாதிரி, பற்றிய பிறகு நன்றாக எரியும், பற்றவைப்பதுதான் பாடு. மாற்றுத்தூள்கள் பற்றுவதற்குக் கருமருந்தைவிட அதிக வெப்பம் வேண்டும். அவற்றைக் கையாளவும் அனுப்பிவைக்கவும் கொஞ்சம் எளிதாக இருப்பதற்குக் காரணம் அதுதான். பலவீனமான பொறியில் அவை பற்ற மறுப்பதற்கும் காரணம் அதேதான். ஆகவே எந்தத் தூள் நல்லது என்று பொதுவாகக் கேட்பதில் பொருள் இல்லை. உங்கள் துப்பாக்கியில் தீ எங்கிருந்து கிளம்பி, எவ்வளவு தூரம் போய், எந்தத் துளை வழியாக மருந்தைத் தொடுகிறது என்று பாருங்கள். டப்பாவை அதற்கப்புறம் தேர்ந்தெடுக்கலாம்.

சக்கிமுக்கித் துப்பாக்கியில் தீயின் பாதை மிகவும் பலவீனமானது. கல் உரசி எழும் பொறி வெளியே இருக்கும் கிண்ணியில் விழ வேண்டும். அங்கே இருக்கும் மருந்து பற்ற வேண்டும். அந்தச் சுவாலை குழாயின் பக்கவாட்டில் உள்ள ஊசி நுழையும் அளவான தீத்துளைக்குள் புகுந்து, உள்ளே இருக்கும் முதன்மை மருந்தைத் தொட வேண்டும். இதற்குச் செல்லுபடியானது அசல் கருமருந்து மட்டுமே என்பது என் தீர்ப்பு. கிண்ணிக்கு மிக நைசான நான்கு எஃப் ரகம், குழாய்க்குத் துப்பாக்கியின் அளவைப் பொறுத்து இரண்டு எஃப் அல்லது மூன்று எஃப். எஃப் கூடக் கூட மணி நைசாகும், வேகமாக எரியும். கிண்ணியில் மாற்றுத்தூளைப் போடவே போடாதீர்கள். கல் தேயத் தேயப் பொறி விழும், தூள் சும்மா கிடக்கும். குழாய்க்குள் போட்டாலோ அதைவிட மோசம். கிண்ணி பற்றும், உள்ளே பற்றுமா பற்றாதா என்பது அன்றைய அதிர்ஷ்டம். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன புகை அதுதான்.

சரியான மருந்து இருந்தும் தாமதம் வரலாம். தீத்துளை முழுதும் பொடியால் அடைபட்டால், அது திரி எரிவதுபோல மணிமணியாக எரிந்துதான் உள்ளே போகும். கிண்ணியைக் குவியலாக நிரப்பாமல் அளவாகத் தூவி, மெல்லிய கம்பியால் துளையைக் குத்திச் சுத்தமாக வையுங்கள். பனியிலும் மழையிலும் கிண்ணியில் இருக்கும் பொடி ஈரம் குடித்துக் கறுப்புச் சேறாகிவிடும். ஏற்கெனவே ஒரு தடவை சுட்ட கரி அங்கே படிந்திருந்தால் இன்னும் சீக்கிரம் ஆகும், ஏனென்றால் அந்தக் கரியில் உள்ள உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். சேறாகிவிட்டதைச் சுரண்டி, துணியால் துடைத்து, புதுப்பொடி தூவ வேண்டும். விடிகாலையில் தூவியதை வைத்து மாலையில் சுட்டுவிடலாம் என்று எண்ணாதீர்கள்.

கேப் வைக்கும் துப்பாக்கி இதற்கு அடுத்த நிலை. செம்புத் தொப்பி போன்ற சின்னக் கேப்பைச் சுத்தியல் அடிக்கும். அதன் சுவாலை ஒரு முலைக்காம்புத் துளை வழியாக இறங்கி, பல துப்பாக்கிகளில் ஒரு முறை திரும்பி, மருந்தை எட்டும். இங்கே கருமருந்து சிக்கலில்லாமல் பற்றும். தூளாக வரும் பைரோடெக்ஸ், டிரிப்பிள் செவன் போன்றவற்றையும் தயாரிப்பாளர்கள் அனுமதிக்கிறார்கள், ஆனால் நல்ல சூடான கேப் வேண்டும், பாதை பளிச்சென்று சுத்தமாக இருக்க வேண்டும். வில்லை வடிவ மருந்தை இந்தப் பக்கவாட்டுச் சுத்தியல் துப்பாக்கியில் போடுவது வேண்டாத வேலை. பைரோடெக்ஸ் வில்லையின் ஒரு முனையில் மட்டும் எளிதில் பற்றும் கறுப்புப் பூச்சு இருக்கும். அந்த முனையைத் தீ நேராகத் தொட்டால்தான் வில்லை ஒழுங்காகப் பற்றும். பக்கவாட்டிலிருந்து நுழையும் சுவாலைக்கு அந்த முனை அகப்படாமல் போகலாம். பின்னாலிருந்து நேராகத் தீ வரும் துப்பாக்கியிலும்கூட, வில்லையைத் தலைகீழாகப் போட்டுவிட்டு, வெடிக்கவில்லையே என்று விழிப்பவர்கள் இருக்கிறார்கள். கறுப்பு முனை, தீ மூட்டும் பிரைமர் இருக்கும் பக்கம். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் இன்னொரு எதிரி. துரு பிடிக்காமல் இருக்க எண்ணெய் போட்டு அலமாரியில் வைத்திருப்போம். அது மெல்ல வழிந்து அடிப்பக்கத்தில், தீ வரும் பாதையிலேயே தேங்கிவிடும். அதன் மேல் மருந்தைக் கொட்டினால் முதல் சூடு தவறிவிடலாம். அதனால் மருந்து போடுவதற்கு முன்பே குழாயை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, வெறும் கேப்பை ஒன்றிரண்டு முறை அடித்துப் பார்ப்பது பழகியவர்களின் வழக்கம். குழாயில் எதுவும் இல்லை என்று கோலை விட்டுப் பார்த்த பிறகு, வாயைத் தரையில் ஒரு புல்லுக்கு நேராகப் பிடித்து அடிக்கிறார்கள். புல் அசைந்தால் பாதை திறந்திருக்கிறது. அசையவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு அடைப்பை எடுக்க வேண்டும், மருந்து டப்பாவைத் திறக்கக்கூடாது.

மூன்றாவது வகை, இன்றைக்கு அதிகம் விற்பனையாகும் இன்லைன் துப்பாக்கி. 1985இல் மிசௌரியைச் சேர்ந்த டோனி நைட் கொண்டுவந்த எம்.கே. 85 மாதிரிதான் இதை ஊர் அறியச் செய்தது. இன்றைய இன்லைன்களில் பெரும்பாலும் ஷாட்கன் தோட்டாவில் இருக்கும் அதே 209 பிரைமர் மருந்துக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருக்கும். தீக்குக் குறுகிய, நேரான பாதை. மாற்றுத்தூள்களுக்கு மிகவும் ஒத்துப்போவது இந்தத் துப்பாக்கிதான். பிளாக்ஹார்ன் 209 பெயரிலேயே பிரைமரின் எண்ணை வைத்திருக்கிறது. 209 பிரைமர் இல்லாத துப்பாக்கியில் அது பற்றாது என்று நினைத்துக்கொள்ளுங்கள். சக்கிமுக்கியிலோ சாதாரணக் கேப்பிலோ அதைப் போட்டுப் பார்க்கும் எண்ணமே வேண்டாம். குழாயின் பின்முனையை மூடும் அடித்தடுப்பில் உள்ள தீக்குழலில் கரி கெட்டித்துப் போனால் இன்லைனிலும் அது தடுமாறும், அதனால் அந்தக் குழலைத் தவறாமல் சுரண்டி எடுக்க வேண்டும்.

இன்லைனில் வேறொரு கண்ணி இருக்கிறது. டிரிப்பிள் செவனை 209 பிரைமரோடு சுடும்போது, மருந்து இருந்த இடத்துக்குச் சற்று மேலே குழாய்க்குள் கெட்டியான கசட்டு வளையம் படியும். அடுத்த குண்டைக் கோலால் தள்ளும்போது அது அந்த வளையத்தில் முட்டி நின்றுவிடும். அடிவரை போய்விட்டது என்று சுடுகிறவர் நம்புவார். குண்டுக்கும் மருந்துக்கும் நடுவில் காலி இடம் இருக்கும். இந்தத் துப்பாக்கிகள் எதிலும் அந்தக் காலி இடம் இருக்கக்கூடாது. அழுத்தம் ஓரிடத்தில் குவிந்து குழாய் வீங்கலாம், வெடிக்கவும் செய்யலாம். ஒரு முறை சுட்டதும் ஈரத்துணி, பிறகு உலர்துணி விட்டுத் துடைத்த பிறகே அடுத்ததைக் கெட்டிக்க வேண்டும்.

இதற்குக் காசு செலவில்லாத காவல் ஒன்று உண்டு. திணிக்கும் கோலில் இரண்டு அடையாளம் போடுங்கள். வெறும் குழாயில் கோல் அடிவரை போகும்போது வாயருகே ஒரு கோடு. சரியான அளவு மருந்தும் குண்டும் இருக்கும்போது இன்னொரு கோடு. ஒவ்வொரு முறையும் கோடு சரியாக வாயருகே வந்து நிற்கிறதா என்று பார்த்தால், குண்டு பாதியில் நிற்பதும் தெரிந்துவிடும், ஏற்கெனவே கெட்டித்த துப்பாக்கியில் இரண்டாம் முறை கெட்டிப்பதும் தெரிந்துவிடும். இரண்டாம் முறை கெட்டிப்பது முட்டாள்கள் செய்யும் தப்பு என்று நினைக்காதீர்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்த பிறகு களத்திலிருந்து 27,574 துப்பாக்கிகளைப் பொறுக்கிச் சேர்த்ததாகப் படைக்கலத் துறைக் கணக்கு சொல்கிறது. அவற்றில் 24,000 போல மருந்து கெட்டித்தபடியே கிடந்தன. ஏறத்தாழ 12,000 துப்பாக்கிகளில் இரண்டு சுற்று மருந்து இருந்தது. ஒன்றில் 23 சுற்று. பயிற்சி பெற்ற சிப்பாய்கள், வெடிக்கவில்லை என்பதையே கவனிக்காமல் மேலும் மேலும் கெட்டித்திருக்கிறார்கள். பக்கத்தில் நாலு துப்பாக்கி முழங்கும் சுடுதளத்தில் உங்களுக்கும் இது நடக்கலாம்.

நிறுத்துப் போடாதீர்கள், அளந்து போடுங்கள்

இந்த ஒன்றில்தான் படித்தவர்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். மருந்தின் அளவை 'கிரெய்ன்' கணக்கில் சொல்வார்கள். கிரெய்ன் என்பது எடை அலகு. ஆனால் மாற்றுத்தூள் டப்பாவில் 100 கிரெய்ன் என்று போட்டிருந்தால், 100 கிரெய்ன் கருமருந்து பிடிக்கும் அளவுக்குழலில் ஒரு குழல் என்றுதான் பொருள். மாற்றுத்தூள் கருமருந்தைவிட இலேசானது. பிளாக்ஹார்னில் அப்படி அளந்த 100 கிரெய்ன், தராசில் ஏறத்தாழ 70தான் காட்டும். துல்லியம் வேண்டும் என்று ஒருவர் மின்னணுத் தராசில் 100 கிரெய்ன் நிறுத்துப் போட்டால், குழல் கணக்கில் 140க்கு மேல் போய்விடுகிறது. அந்தத் தூளுக்குத் தயாரிப்பாளர் வைத்திருக்கும் உச்ச வரம்பு 120. எவ்வளவு கவனமாக நிறுத்தாரோ அவ்வளவு நிச்சயமாக வரம்பைத் தாண்டிவிட்டார்.

அளந்து போட்டாலும் எல்லாத் தூளும் சமம் அல்ல. டிரிப்பிள் செவன் கருமருந்தைவிட வலுவானது. கருமருந்தின் வேகமே போதும் என்றால் அளவை 15 விழுக்காடு குறைக்கச் சொல்கிறது தயாரித்த நிறுவனம். தாத்தா காலத்துத் துப்பாக்கியில் வழக்கமான அளவுக் குழலை அப்படியே டிரிப்பிள் செவனால் நிரப்புகிறவர்கள் தயவுசெய்து இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும்.

குப்பியிலிருந்தோ கொம்பிலிருந்தோ நேராகக் குழாயில் மருந்து கொட்டுவது கூடவே கூடாது. முந்தைய சூட்டின் தணல் ஒன்று அடியில் மிச்சம் இருந்தால், தீ மேலே ஏறிக் கையில் இருக்கும் குப்பி முழுவதையும் வெடிக்க வைக்கும். முதலில் அளவுக்குழலில் கொட்டி, குப்பியை மூடித் தள்ளி வைத்துவிட்டு, குழலில் இருப்பதைக் குழாயில் விடுங்கள்.

கறுத்ததெல்லாம் கருமருந்து அல்ல

இனி சொல்லப்போவதில் சந்தேகத்துக்கே இடம் இல்லை. இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்தை வாய்வழித் துப்பாக்கியில் போட்டால் குழாய் பிளக்கும். கை போகும், கண் போகும், உயிரும் போகும். கொஞ்சமாகப் போட்டால் பரவாயில்லை என்பதோ, கருமருந்தோடு ஒரு சிட்டிகை சேர்த்தால் நன்றாகப் பற்றும் என்பதோ பொய். புகையில்லா மருந்துக்கென்றே செய்யப்பட்ட சில துப்பாக்கிகள் உண்டு, சாவேஜ் நிறுவனத்தின் 10எம்எல் அப்படி ஒன்று. அது விதிவிலக்கு. குழாயின் மேல் 'கருமருந்து அல்லது அதன் மாற்று மட்டும்' என்று பொறித்திருந்தால் அதுவே கடைசி வார்த்தை.

குழப்பம் எப்படி வருகிறது என்றால், புகையில்லா மருந்தும் பெரும்பாலும் கறுப்பாகவே இருக்கும். கிராஃபைட் பூசிய மணிகள், கறுப்பு டப்பா, நிழல் விழுந்த கொட்டகை. வீட்டில் தோட்டாவைத் தானே நிரப்பும் பழக்கம் உள்ளவர்களிடம் இரண்டும் ஒரே மேசையில் இருக்கும். மருந்தை அதன் சொந்த டப்பாவிலேயே வைத்திருங்கள், வேறு டப்பாவுக்கு மாற்றாதீர்கள். லேபிள் உரிந்துபோன டப்பாவில் இருப்பது என்ன என்று நிறத்தையும் மணத்தையும் வைத்து ஊகிக்காதீர்கள். உள்ளூர்த் தீயணைப்பு நிலையத்தைக் கேட்டு அதை ஒழித்துவிடுங்கள்.

இதோடு சேர்த்து இன்னொன்று. ஜூலை 4 அமெரிக்கச் சுதந்திர தினத்துக்கோ தீபாவளிக்கோ வாங்கிய வெடியைப் பிரித்து எடுத்த மருந்தைத் துப்பாக்கியில் போடக்கூடாது. பளிச்சென்று வெடிக்கும் அந்தக் கலவைகள் துப்பாக்கிக் குழாய்க்கு ஆனவை அல்ல. வீட்டிலேயே மருந்து அரைப்பதைப் பற்றி யாராவது பேசினால் அந்தப் பேச்சிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். சிவகாசிப் பக்கம் பிறந்த எவருக்கும் உராய்வு என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை.

மாற்றுத்தூள் என்றால் பயமில்லாத தூள் என்ற எண்ணமும் உதவாது. பைரோடெக்ஸைக் கண்டுபிடித்த டான் பாலக், 1977 ஜனவரியில் வாஷிங்டன் மாநிலத்து இசக்வாவில் இருந்த தன் ஆலையிலேயே நேர்ந்த விபத்தில் உயிர்விட்டார். கூட இருந்தவர்களும் இறந்தார்கள். 2010 மே மாதம் நியூ ஹாம்ப்ஷயரின் கோல்புரூக்கில் மாற்றுத்தூள் செய்த ஆலை வெடித்து இரண்டு தொழிலாளர்கள் செத்தார்கள். அதன் உரிமையாளர் மீது மரணம் விளைவித்த குற்றம் 2013இல் நிரூபணமாகி, 10 முதல் 20 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. கடையில் வைக்கச் சுலபமான சரக்கு என்பதால் அது சாதுவான சரக்கு ஆகிவிடாது. சிகரெட்டும் திறந்த டப்பாவும் ஒரே கூரையின் கீழ் இருக்கக்கூடாது, தூள் எந்த வகையானாலும்.

வெடிக்கவில்லையா? அசையாதீர்கள்

விசை இழுத்து, வெடி கேட்கவில்லை என்றால், துப்பாக்கி எந்தப் பக்கம் பார்த்திருக்கிறதோ அந்தப் பக்கமே பார்த்திருக்கட்டும். இலக்கின் திசையை விட்டு ஓர் அங்குலமும் திருப்பாதீர்கள். குறைந்தது ஒரு நிமிடம் முழுதாகப் பொறுங்கள். உங்கள் கையேடு அதற்கும் மேலே சொன்னால் அதன்படி இருங்கள். பக்கத்தில் இருப்பவர்களிடம் உரக்கச் சொல்லுங்கள். அவசரக்காரர் ஓடிவந்து, எங்கே கொடுங்க பார்ப்போம் என்று வாங்கினால் கொடுக்காதீர்கள். வாய்க்கு முன்னால் முகமோ கையோ கோலோ வரக்கூடாது.

அந்த நேரம் கடந்த பிறகு, வாயை அதே திசையில் வைத்தபடியே தீத்துளையைக் குத்திச் சுத்தம் செய்து, கிண்ணியில் புதுப்பொடி தூவியோ புதுக் கேப் வைத்தோ மறுபடி சுடலாம். பல தடவை இதிலேயே சரியாகிவிடும். ஆகவில்லை என்றால் மறுபடி அதே நேரம் காத்திருந்துவிட்டுத்தான் அடுத்த வேலை. குண்டை வெளியே எடுக்க வேண்டிவந்தால், திருகுக் கொக்கியைக் குண்டில் ஏற்றி இழுப்பதற்கு முன் மருந்தை நனைத்துச் செயலற்றதாக்க வேண்டும். உயிருள்ள மருந்தின் மேல் இரும்பை விட்டுத் திருகுவது தற்கொலைக்குச் சமம். காற்றழுத்தத்தால் குண்டைத் தள்ளும் கருவி கடைகளில் கிடைக்கிறது, அதற்கும் வாய்க்கு முன்னால் ஆள் இருக்கக்கூடாது. பழகாதவர்கள் சுடுதளப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள், வெட்கப்பட வேண்டாம். மருந்து போட மறந்து வெறும் குண்டைத் தள்ளிவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. அதையும் வெடிக்காத மருந்தாகவே நினைத்து நடத்துங்கள், ஏனென்றால் வெளியே இருந்து இரண்டும் ஒன்றுதான்.

பனிக்கால வேட்டையில் ஈரம் வேறு வழியிலும் நுழையும். நாள் முழுக்கக் குளிரில் இருந்த இரும்பைக் கணகணவென்று சூடேறிய வீட்டுக்குள் கொண்டுவந்தால் குழாய்க்குள்ளும் வெளியிலும் நீர் வியர்த்துவிடும். மருந்து ஈரமாகும். மறுநாள் காலை துப்பாக்கி ஊமை. அன்றைய வேட்டை முடிந்தால் சட்டம் அனுமதிக்கும் இடத்தில், பாதுகாப்பான மண்மேட்டில் சுட்டுக் காலி செய்துவிட்டுச் சுத்தம் செய்வதுதான் என்னைக் கேட்டால் நல்லது. கெட்டித்த துப்பாக்கியைக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஓர் இரவுகூட வைக்க எனக்கு மனம் ஒப்பாது. பூட்டி வைக்கிறேன் என்றாலும் ஒப்பாது.

சுத்தம் என்றதும் இன்னொரு தவறான நம்பிக்கையையும் சொல்லிவிடுகிறேன். மாற்றுத்தூள் துப்பாக்கியை அழுக்காக்காது, அதனால் கழுவுவதைத் தள்ளிப்போடலாம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. பைரோடெக்ஸில் பெர்குளோரேட் இருக்கிறது. எரிந்த பிறகு மிஞ்சும் குளோரைடு உப்பு இரும்பைத் தின்னும். கருமருந்தின் கசடும் தின்னும். இரண்டும் தண்ணீரில் கரையும் உப்பு, வெறும் எண்ணெயில் கரையாது. அன்றைக்கே வெந்நீரும் சோப்பும் விட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தி, பிறகுதான் எண்ணெய். பிளாக்ஹார்ன் வேறு வகை வேதியியல், அதற்கு எண்ணெய் வகைக் கரைப்பான் வேண்டும், கையேட்டைப் பாருங்கள். கழுவாமல் விட்ட தீத்துளைதான் அடுத்த ஆண்டு வெடிக்காத துப்பாக்கி.

தமிழ்நாட்டில் நரிக்குறவர் மக்களின் கையிலும் மலைக்கிராமங்களிலும் புழங்கிய நாட்டுத் துப்பாக்கியும் வாய்வழி மருந்து கெட்டிப்பதுதான். இங்கே சொன்ன பெயர்களையும் அளவுகளையும் அதில் பொருத்திப் பார்க்காதீர்கள். அந்தக் குழாய் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று சோதித்துச் சான்று தந்தவர் பெரும்பாலும் இல்லை. உரிமம் இல்லாமல் வைத்திருப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். தாத்தா வைத்துவிட்டுப் போனது பரணில் கிடந்தால், அதில் மருந்து கெட்டித்திருக்கிறதா என்று நீங்களே சோதிக்காமல் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள். வருடக்கணக்கில் கிடந்த கருமருந்து செத்துப்போயிருக்கும் என்று நம்பக் காரணமே கிடையாது. உலர்ந்து கிடந்தால் அது இன்றும் வெடிக்கும்.

அமெரிக்காவில் இந்தப் பருவத்துக்குத் துப்பாக்கியை எடுக்கிறவர்கள் இன்றைக்கே பையைத் திறந்து, உள்ளே இருக்கும் டப்பாவின் பெயரைத் துப்பாக்கியின் கையேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கையேட்டில் அந்தப் பெயர் இல்லை என்றால், அந்தத் தூள் உங்கள் குழாய்க்குள் போகக்கூடாது.